மாச்சத்தைக் குறைத்தால் எடை குறையுமா?

நோபல் பார்க்கில் எங்கள் வட்டாரத்தில் இப்போது புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கெட்ட பெயர். சோற்றைக் கைவிட்டவர்கள் முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கியதாகச் சொல்கிறார்கள். இறங்கியதில் பெரும்பங்கு நீர்தான். ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன் கரையும்போது, அதனோடு பிணைந்த நீரும் வெளியேறிவிடுகிறது.

அதன் பிறகு? அடிலெயிட்டில் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் நீரிழிவும் பருமனும் உள்ள 115 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மாச்சத்து மிகக் குறைவு, மற்றதற்கு அதிகம். கலோரி இரண்டுக்கும் சமம். ஓராண்டில் இரு பிரிவினரும் சராசரியாக 10 கிலோவரை இழந்தனர். 2018இல் வெளியான ஈராண்டு முடிவில் இரண்டிலும் ஏறக்குறைய 7 கிலோவே மிஞ்சியது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் இடையிலேயே விலகியிருந்தனர்.

நீரிழிவு மருந்தின் தேவை மட்டும் மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது. ஆகவே இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேளாமல் சோற்றை நிறுத்துவது ஆபத்து. இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.