மெடியாவும் மலகேனியாவும்: டிரம் கோர் காட்சிகள் இறுகிய கதை பற்றி ஒரு மறுப்பு

அமெரிக்க டிரம் கோர் வரலாற்றைப் பேசுவோர் 1984ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழிப்பது வழக்கம். அந்தக் கோட்டுக்கு முன்னால் குழுக்கள் மக்களுக்காக வாசித்தன, பின்னால் நடுவர்களுக்காக வாசித்தன என்பார்கள். பித்தளைக் குழலும் முரசும் கொடியுமாக மைதானத்தில் இறங்கும் இளைஞர் கூட்டம் இன்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தத்துவம் பேசுகிறது என்ற குறை வரும்போதெல்லாம் பழி அந்த ஆண்டின் மேல்தான் விழுகிறது. இதை ‘1984 வாசிப்பு’ என்று அழைக்கிறேன். பழைய ஆட்டக்காரர்களின் பேச்சில் பிறந்து, எழுதுவோரின் பேனாவில் ஏறி, இப்போது கேள்வி கேட்பாரின்றி நிற்கும் வாசிப்பு இது.

அதன் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். 1983 வரை மதிப்பீடு ‘டிக்’ முறையில் நடந்தது. நடுவர் மைதானத்துக்குள்ளேயே குழுவினரோடு நடப்பார். ஒரு குழல் பிசிறினால், ஒரு கால் தப்பினால், ஒரு கோல் முந்தினால் அட்டையில் ஒரு கோடு போடுவார். ஒவ்வொரு கோட்டுக்கும் பத்தில் ஒரு புள்ளி போகும். அந்த முறையில் யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் கூட்டத்துக்குத் தெரிந்த மெட்டைத் தெளிவாக வாசிப்பார்கள். 1984இல் டிக் ஒழிந்தது. பிழையைக் கழிப்பதை விட்டு, சாதித்ததைக் கூட்டும் முறை வந்தது. கடினமும் புதுமையும் புள்ளியாக மாறின. வடிவமைப்பாளர் மேலே வந்தார், மெட்டு கீழே போனது. காரணமும் விளைவும் கச்சிதமாகப் பொருந்தும் வாதம் இது. என் ஐயம் அந்தக் கச்சிதத்திலேயே தொடங்குகிறது.

முதலில் வென்றவர்களைப் பார்ப்போம். 1983, 1984, 1985 என மூன்று ஆண்டுகளும், இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்பான டிரம் கோர் இன்டர்நேஷனலின் பட்டத்தை வென்றது நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ். டிக் முறையின் கடைசி ஆண்டான 1983இல் அவர்கள் வாசித்தவற்றுள் ரான் நெல்சனின் ‘ராக்கி பாயின்ட் ஹாலிடே’ ஒன்று. பல்கலைக்கழகக் காற்றிசைக் குழுவுக்காக எழுதப்பட்ட அந்தப் படைப்பைத் தெருவில் யாரும் முணுமுணுத்ததில்லை. அதன்மேல் ஜார்ஜ் ஸிங்காலி வரைந்த டிரில், அதாவது மைதான நகர்வு, சமச்சீரை உடைத்து வளைந்து வளைந்து ஓடியது. பிழைக்குப் புள்ளி பறிக்கும் முறையில் அதைவிடப் பெரிய சூதாட்டம் இருக்க முடியாது. ஆனாலும் வென்றது. கூட்டல் முறையின் முதல் ஆண்டான 1984இல் அதே குழு எதை வாசித்தது? பெர்ன்ஸ்டைனின் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’. பிராட்வேயின் புகழ்பெற்ற இசை நாடகம், திரைப்படமாகி வீடுவீடாகப் போனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜனரஞ்சகம், அந்தப் பக்கம் சோதனை முயற்சி என்று, வாசிப்பு சொல்வதற்கு நேர்மாறாக நிற்கிறது சான்று. ஒரே ஒரு குழுவை வைத்து வரலாற்றைத் திருப்ப முடியாது, சரி. ஆனால் அந்த வாசிப்பு தன் முதல் சாட்சியாக நிறுத்துவதும் இதே குழுவைத்தான்.

இரண்டாவதாக, 1971. டிரம் கோர் இன்டர்நேஷனலின் முதல் இறுதிச் சுற்று விஸ்கான்சினின் வைட்வாட்டரில் நடந்தது 1972இல். அதற்கு முந்தைய கோடை இது. போட்டிகளை இன்னும் அமெரிக்கன் லீஜியனும் அயல்நாட்டுப் போர்வீரர் சங்கமும்தான் நடத்திக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு சிகாகோவின் கேவலியர்ஸ் சர்க்கஸ் வேடம் கட்டி இறங்கியது. மேடிசன் ஸ்கவுட்ஸ் ‘ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட்’ கதையை எடுத்தது. கார்ஃபீல்ட் கேடட்ஸ் போர் வேண்டாம் என்ற கருப்பொருளில், மைதானத்திலேயே சமாதானச் சின்னத்தை வடிவமாக நிறுத்தியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்க, முன்னாள் படைவீரர்கள் நடத்தும் போட்டியில்! கோமாளியும் கருத்தும் ஒரே கோடையில் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தன. காட்சி முழுவதற்கும் ஒரு கருப்பொருள் இருக்கலாம் என்ற எண்ணம்தான் அந்த வாசல். வேடிக்கை பழையது, தீவிரம் புதியது என்று பிரித்துப் பேசுவோர் இந்தப் பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். மூன்றில் எது யாரைத் தூண்டியது என்ற முன்பின் கணக்கைத் தீர்த்துவைக்க முயலவில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை.

வேடிக்கைக் குழுக்களின் கதையும் 1984க்குக் கட்டுப்படவில்லை. நீண்ட மஞ்சள் அங்கியும் அகன்ற தொப்பியுமாக வந்து, காட்சி முடிவில் மொத்தமாக மயங்கி விழுந்து காட்டிய பயோன் நகரத்து பிரிட்ஜ்மென் டிக் காலத்தவர்கள்தான். ஆனால் கான்வர்ஸ் காலணியோடு மைதானத்தில் கூத்தடித்த அனஹைமின் வெல்வெட் நைட்ஸ், 1980களின் பிற்பாதியில், அதாவது கூட்டல் முறை வந்த பிறகும், இறுதிச் சுற்றின் பன்னிரண்டு குழுக்களுள் இடம் பிடித்தது.

இனி 1993க்கு வருகிறேன். 1984 வாசிப்பின் உண்மையான கோட்டை இதுதான். மிசிசிப்பியின் ஜாக்சனில் அந்த ஆண்டின் இறுதிச் சுற்று. இந்தியானா மாநிலம் புளூமிங்டனின் தொழிலதிபர் பில் குக் உருவாக்கிய ஸ்டார் ஆஃப் இந்தியானா 97.3 புள்ளிகளோடு இரண்டாம் இடம். 97.4 பெற்று வென்றது கேடட்ஸ். ஸ்டாரின் காட்சியை எல்லோரும், கிரேக்க நாடக நாயகியின் பெயரால், ‘மெடியா’ என்கிறார்கள். அந்தக் கோடையில் சில அரங்குகளில் அதற்குக் கேலிக் கூச்சல் எழுந்ததாக அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்கிறார்கள். கூச்சலிட்டவர்கள் கூட்டத்தில் எத்தனை பங்கு என்பதில் ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவோடு ஒத்துப்போவதில்லை. இருந்தாலும், ‘தீவிரம் கூட்டத்தைத் துரத்தியது’ என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்பது மரபு.

அந்தக் காட்சியின் இசைப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் பேலா பார்டோக்கின் ‘தந்திகள், தாளக்கருவிகள், செலெஸ்டா ஆகியவற்றுக்கான இசை’. தலைப்பிலேயே தந்திகள் இருக்க, ஒரு தந்திகூட இல்லாத குழு அதை வாசிக்கிறது. பிறகு சாமுவேல் பார்பர். 1946இல் மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காக எழுதிய மெடியா இசையைப் பார்பர் இரண்டு முறை மாற்றி அமைத்தார். முதலில் வந்தது பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு. அதன் பகுதிகள் பலவற்றுக்குக் கிரேக்க நாடக உறுப்புகளின் பெயர். 1955இல் வந்தது தியானத்தில் தொடங்கிப் பழிவாங்கும் நடனத்தில் வெடிக்கும் ஒற்றைப் படைப்பு. ஸ்டாரின் பட்டியலில் ‘பரோடோஸ்’, ‘கன்டிகோஸ் அகோனியாஸ்’ என்ற இரண்டும் முந்தைய தொகுப்பின் பெயர்கள். மூன்றாவதான ‘பழிவாங்கும் நடனம்’ பிந்தைய வடிவத்தின் பெயர். தொகுப்பிலிருந்து அவர்கள் விட்டுவிட்டவை எவை? மெடியாவும் ஜேசனும் வரும் பகுதி, இளவரசி வரும் பகுதி. அதாவது ஆட்கள் வரும் பகுதிகள். நாடகத்தின் பாத்திரங்களைக் கழற்றிவிட்டு அதன் உணர்ச்சி வளைவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கூட்டம் பிடித்துக்கொள்ள ஒரு பெயரும் இல்லை, முகமும் இல்லை. கூச்சலுக்குக் காரணம் தீவிரமா, இந்தப் பிடிமானமின்மையா?

அன்று வென்ற கேடட்ஸ் என்ன வாசித்தது என்பதை 1984 வாசிப்பு சொல்வதே இல்லை. டேவிட் ஹோல்சிங்கரின் படைப்பு அது. அரசர்கள் போருக்குப் புறப்படும் வசந்த காலத்தைக் குறிக்கும் அதன் தலைப்பு பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தது. பார்பரைவிட எளிய இசை என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டம் அதை ஆரவாரத்தோடு ஏற்றது. ஒரே இரவு, ஒரே அரங்கு, ஒரே அளவு தீவிரம். வரவேற்பு மட்டும் வேறு.

அதோடு முடியவில்லை. அந்தப் பருவத்தோடு ஸ்டார் போட்டியை விட்டு வெளியேறி, கனேடியன் பிராஸ் குழுவோடு சேர்ந்து மேடை நிகழ்ச்சிகள் நடத்தியது. அதிலிருந்து வளர்ந்ததே ‘பிளாஸ்ட்!’. 1999இல் லண்டனில் தொடங்கி 2001இல் பிராட்வேக்கு வந்து, சிறப்பு அரங்க நிகழ்ச்சிக்கான டோனி விருதைப் பெற்றது. அந்த நிகழ்ச்சியில் மெடியா இருக்கிறது! மைதானத்தில் கூச்சல் வாங்கியதாகச் சொல்லப்படும் இசை, காசு கொடுத்துப் பொழுதுபோக்க வந்த கூட்டத்தின் முன்னால் வாசிக்கப்பட்டது. அதே மாலையில் ‘மலகேனியா’வும் வந்தது. 1988இல் மேடிசன் ஸ்கவுட்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த, பழைய ரசிகர்கள் இன்றும் எழுந்து நின்று கேட்கும் அதே மெட்டு. தீவிரமும் கேளிக்கையும் பகையாளிகள் என்றால் இந்த நிகழ்ச்சி நிரலை எப்படி விளக்குவது?

என் விளக்கம் இது. சான்று மெலிந்த இடம் என்று தெரிந்தே சொல்கிறேன். மாறியது காட்சியின் மனநிலை அல்ல, கைதட்டலுக்கு விடும் இடம். பழைய காட்சி தனித்தனிப் பாட்டுகளால் ஆனது. ஒவ்வொன்றும் முடியும், குழு நிற்கும், கூட்டம் தட்டும். அத்தோடு, ஒரு குழு தன் அடையாள மெட்டை ஆண்டுதோறும் கொண்டுவரும். வயோமிங்கின் ட்ரூப்பர்ஸ் என்றால் குடியரசின் போர்க்கீதம். ஊருக்கு ஒரு முறை வரும் காட்சியை ஒரு முறைதான் பார்க்கப்போகிற குடும்பத்துக்கு அது போதும். இன்றைய காட்சி ஒரே மூச்சாக ஓடுகிறது. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னிசைக் கருவிகளும் அனுமதிக்கப்பட்ட பிறகு, குழல்கள் ஓய்ந்த இடைவெளியையும் பின்னணிச் சத்தமோ பேச்சோ நிரப்பிவிடுகிறது. தட்டத் தொடங்கிய கை பாதியில் நிற்கிறது. நூறு புள்ளிகளில் நாற்பது ‘பொது விளைவு’க்கு என்று விதி இருப்பது உண்மைதான். ஆனால் அதை வழங்கும் நடுவர் கோடை முழுவதும் பல ஊர்களில் இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர். மூன்றாம் முறை பார்க்கையில் அவிழும் முடிச்சு, முதல் முறையே கடைசி முறையாகப் பார்ப்பவருக்கு அவிழாது. குறை முடிச்சின் கனத்தில் இல்லை, அவிழ்க்கத் தரும் நேரத்தில் இருக்கிறது.

2008இல் ஃபான்டம் ரெஜிமென்ட்டின் ‘ஸ்பார்டகஸ்’ இதற்கு வலு சேர்க்கிறது. அடிமை, கிளர்ச்சி, மைதானத்திலேயே நடித்துக் காட்டிய கொலை என இதைவிடக் கனமான கதை அந்த ஆண்டு இல்லை. ஆனால் பாத்திரங்கள் இருந்தன, ‘நான்தான் ஸ்பார்டகஸ்’ என்று குழுவினர் கத்தும் தருணம் இருந்தது, கூட்டம் சேர்ந்து கத்த இடம் இருந்தது. 98.125 புள்ளி, புளூ டெவில்ஸை முந்தியது 0.025இல். மறுபக்கம், 2019இல் பீட்டில்ஸ் பாடல்களோடு குதூகலமாக வந்த புளூகோட்ஸுக்கு நடுவர்கள் இரண்டாம் இடம் தந்தார்கள். மகிழ்ச்சிக்குப் புள்ளி குறைக்கிறார்கள் என்ற புலம்பலுக்கு அங்கேயும் ஆதாரம் இல்லை.

என் வாதத்தின் பலவீனமான மூட்டு ‘பிளாஸ்ட்!’தான். அங்கே கூரை இருந்தது, விளக்கு இருந்தது, பார்வையாளர் சில அடி தூரத்தில் இருந்தார், இரண்டு மணி நேரம் இருந்தது. மெடியாவை ஏற்கவைத்தது கைதட்டலுக்குக் கிடைத்த இடைவெளியா, இந்த நெருக்கமா என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பிரிக்க முடியாது. மைதானத்துக்கும் பிராட்வேக்கும் நடுவே கனேடியன் பிராஸோடு கழிந்த ஆண்டுகள் இருக்கின்றன. அப்போதைய மேடை வடிவங்களை 1993இன் பதிவோடு அடுக்கடுக்காக வைத்துக் கேட்டால் இந்த மூட்டு இறுகலாம், கழன்றும் போகலாம். கழன்றாலும் 1984 வாசிப்புக்கு அதில் ஆதாயம் இல்லை. 1971ஐயும் 1983ஐயும் அது இன்னும் விளக்கவில்லை.