1934ஆம் ஆண்டின் மலேரியாக் காய்ச்சல்



நுளம்பு செல்வரென்றும் வறியவரென்றும் பார்த்துக் கடிப்பதில்லை. ஆயினும், ஒரே நோய்க்கு ஆளான இருவரில் ஒருவர் எழுந்து நடமாட, மற்றவர் மடிந்து போவதை நாம் காண்கிறோம். இதன் காரணத்தை அறிய, இலங்கையின் சரித்திரத்தில் ஒரு துயர அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மாஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுக்கைகளில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கின. வெயில் படும் இத்தகைய தெளிந்த நீரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு பெருகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காய்ச்சல் மூண்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் வீடு தவறாமல் மக்கள் பாயிற் கிடந்தனர். ஏறத்தாழ 15 இலட்சம் பேரை நோய் பீடித்தது. 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். குழந்தைகளே பெருந்தொகையாக இறந்தனர்.

வன்னியிலும் வடமத்திய பகுதியிலும் இக்காய்ச்சல் புதிதன்று. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் ஆண்டுதோறும் காய்ச்சலில் வாடினர். குழந்தைகள் மண்ணீரல் வீங்கிய வயிற்றுடனே வளர்ந்தனர். அது 'காட்டுக் காய்ச்சல்', அவ்விடத்து விதி என்றே கருதப்பட்டது. சனநெருக்கம் மிகுந்த தென்மேற்கில் பிணங்கள் குவிந்த பின்னரே நாடு திடுக்கிட்டது.

தென்மேற்கு மக்களிடம் மலேரியாவை எதிர்க்கும் சக்தி குறைவாயிருந்தது உண்மையே. ஆனால் அது மட்டுமே காரணமன்று. உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பர், தேங்காய் ஆகியவற்றின் விலை வீழ்ந்து, கூலியாளின் வருமானம் குன்றியிருந்தது. வரட்சியால் வயலும் விளையவில்லை. அரைவயிற்றுக் கஞ்சியுடன் வாழ்ந்தவனைக் காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. அரசாங்கம் தற்காலிக வைத்தியசாலைகளைத் திறந்து கொயினா வழங்கியது. ஆனால் கொயினா பசியைத் தீர்க்குமா?

இதை உணர்ந்தோர், நிவாரணப் பணிக்குக் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளரைக் கவனித்தார். என். எம். பெரேரா மருந்தோடு பருப்பையும் பங்கிட்டார். கிராமத்தவர் அவரைப் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்திருந்தமையால், அந்த ஏழைகளின் கையில் ஒரு புதிய ஆயுதமும் இருந்தது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் உருவான்வெல்லத் தொகுதியினர் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

அதன் பின் சுகாதாரம் என்பது தருமமாக இடப்படும் பிச்சையன்று, குடிமகனின் உரிமை என்ற எண்ணம் வேரூன்றியது. நாட்டுப்புறங்களில் வைத்தியசாலைகள் பெருகின. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. டி.டி.ரி. மருந்து தெளிக்கும் வேலையும் தொடர்ந்து நடந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வெற்றிக் களிப்பில் விழிப்புத் தளரவே, 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பற்றியது. நெடுங்காலப் போராட்டத்தின் பின், 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது.

அன்று மாண்ட எண்பதினாயிரம் பேர் விட்டுச்சென்ற படிப்பினை இதுவே: நோயை மருந்து தடுக்கலாம், ஆனால் மருந்தும் உணவும் எவர் வாசலை முதலில் அடைகின்றன, எவர் வாசலை அடையாமலே போகின்றன என்பதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே. வன்னிக் காட்டின் குழந்தைக்காக அக்கேள்வியை அன்று எவரும் உரத்துக் கேட்கவில்லை. நாமேனும் கேட்போமாக.