சூட்டுக்குச் சூடே வைத்தியம்

கொல்லிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கியிருக்கீங்களா மக்களே? 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி வந்து சேர்றதுக்குள்ள பிரேக் கருகுற வாடை மூக்கைத் துளைக்கும். மலை உயரத்துல வண்டிக்கு இருந்த ஆற்றல் எங்காவது சூடா இறங்கித்தானே ஆகணும்? எல்லாச் சக்கரமும் பங்கு போட்டுக்கிட்டா தப்பிச்சோம். ஒரே சக்கரத்துல இறங்கினா போச்சு.

இதே தலைவலி ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வகத்துக்கும் இருந்துச்சு. அங்க இருக்கிற எல்.எச்.சி. துகள் முடுக்கி 27 கி.மீ. வளையம். புரோட்டான்களை வளைச்சு ஓட்ட 1,232 மீக்கடத்திக் காந்தங்கள். மைனஸ் 271 டிகிரி குளிர்ல சுருளுக்கு மின்தடையே கிடையாது. 11,850 ஆம்பியர் வரைக்கும் ஓடும். ஒவ்வொரு காந்தத்திலும் சுமார் 70 லட்சம் ஜூல் ஆற்றல். சுருளில் ஒரு இடம் கொஞ்சம் சூடானாலும் அங்க மின்தடை வந்துடும். இதுக்குப் பேர் 'குவெஞ்ச்'. மொத்த ஆற்றலும் அந்த ஒரே இடத்துல இறங்கினா கம்பி உருகிடும்.

வைத்தியம் என்ன தெரியுமா? முள்ளை முள்ளால் எடுக்கிறதுதான் :-) குவெஞ்ச் தெரிஞ்ச உடனே, 900 வோல்ட்டில் காத்திருக்கும் மின்தேக்கிகள் சுருளை ஒட்டியிருக்கும் எஃகுப் பட்டைகளைச் சூடாக்கும். சுருளோட பெரும்பகுதி ஒரே நேரத்துல சூடாகி, ஆற்றலைப் பங்கு போட்டுக்கும்.

காந்தத்துக்கு 4 மின்தேக்கிப் பெட்டி. இப்படி 5,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் போனது நம்ம நாட்டிலிருந்து! 1991ல் செர்னோட ஒப்பந்தம், 1996ல் எல்.எச்.சி.க்குக் கருவிகள் தர உடன்பாடு. அணுசக்தித் துறை பொறுப்பேற்க, ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். உள்ளிட்ட இந்தியத் தொழிற்சாலைகள் செய்து கொடுத்தன.

ஆனா 2008 செப்டம்பர் 19ல் விபத்து நடந்துடுச்சு. காந்தத்துக்குள்ள இல்லை, இரண்டு காந்தங்களை இணைக்கிற மூட்டுல. அங்கதான் போதுமான கண்காணிப்பு இல்லை. சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறி, 53 காந்தங்களைக் கழற்ற வேண்டியதாச்சு. மூட்டுகளுக்கும் புதுக் கண்காணிப்பு வெச்சு, 2009 நவம்பர்லதான் மறுபடி ஓட்டினாங்க.

2004ல் இந்தியா செர்னுக்குக் கொடுத்த நடராஜர் சிலையைப் பத்தி எத்தனையோ பதிவு படிச்சாச்சு. சிலை அழகுதான், மறுக்கலை. ஆனா குவெஞ்ச் வர்ற ஒவ்வொரு தடவையும் காந்தம் கருகாம காப்பாத்துற அந்தப் பெட்டிகளைப் பத்தியும் யாராவது எழுதணும்ல? அதான் இந்தப் பதிவு.