கடற்சொறி தீண்டினால்: கைமருந்தும் ஆய்வும்

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நீல நிறச் சிறு பையொன்றைப் பலூன் எனக் கருதிச் சிறுவர்கள் விரலால் தொடுவதும், மறுகணமே அலறித் துடிப்பதும் பருவக்காற்று வீசும் மாதங்களில் எமது கரையோரங்களில் காணக்கூடிய காட்சியே. அவ்வேளையில் சூழ்ந்து நிற்போரிடமிருந்து வரும் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. மணலால் தேய்க்குமாறு ஒருவர் கூறுவார். தேசிக்காய்ப் புளி என்பார் மற்றொருவர். சாராயம், மண்ணெண்ணெய், ஈற்றில் சிறுநீர் என அப்பட்டியல் நீண்டுசெல்லும். யாவும் நல்லெண்ணத்துடன் கூறப்படுபவையே. ஆயினும் இவற்றுட் சில வேதனையைத் தணிப்பதற்குப் பதிலாக, உடலினுட் செல்லும் நஞ்சின் அளவை அதிகரிக்கக் கூடியவை என்பதை எமது வாசகர்கள் அறிந்துவைத்திருத்தல் அவசியமாகும்.

சொறிமுட்டை என்றும் ஜெலி மீன் என்றும் அழைக்கப்படும் இவ்வுயிரினங்களின் தொங்கும் இழைகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய நச்சுப் பைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பாடசாலை விலங்கியல் நூல்கள் இவற்றுக்கு அழன்மொட்டுச்சிறைப்பை என்ற, இலகுவில் வாயில் நுழையாத பெயரொன்றைச் சூட்டியுள்ளன. ஒவ்வொரு பையினுள்ளும் ஊசி போன்ற நூலொன்று சுருண்டு கிடக்கின்றது. இழை தோலிற் பட்டதும் கண்ணிமைக்கும் பொழுதிலும் குறைந்த நேரத்தில் அது பாய்ந்து நஞ்சைச் செலுத்துகின்றது. இங்கு கவனத்திற் கொள்ள வேண்டியது யாதெனில், தீண்டியவுடன் எல்லாப் பைகளும் வெடித்துவிடுவதில்லை என்பதாகும். பெரும் பகுதி வெடிக்காத நிலையில் தோலின் மீதே ஒட்டியிருக்கும். இறந்து கரையொதுங்கிய சொறியும் அறுந்துபோன இழையும் தீண்டுவது இதனாலேயே. ஆகவே எஞ்சிய பைகளை வெடிக்கவிடாது தடுப்பதே முதலுதவியின் முதற் பணியாகும். மணலால் தேய்ப்பதும், நன்னீரால் கழுவுவதும் அப்பணிக்கு நேர்மாறானவை. சிறுநீரின் உப்புச்செறிவு கடல்நீரினதைவிடக் குறைவானது என்பதால் அதுவும் நன்னீரைப் போன்றே இப்பைகளைத் தூண்டிவிடலாம். 1997ஆம் ஆண்டில் ஒளிபரப்பான 'ஃபிரெண்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அங்கமொன்று இச்சிறுநீர் வைத்தியத்தை உலகெங்கும் பரப்பியது. நகைச்சுவைக்காகக் காட்டப்பட்டதைப் பலர் மருத்துவமாகவே எடுத்துக்கொண்டனர்.

பாமர மக்களை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. அவுஸ்திரேலியாவின் வட கடலில் வாழும் பெட்டிச் சொறி 1883ஆம் ஆண்டிலிருந்து 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்துள்ளது. கடுமையாகத் தீண்டப்பட்டவர் சில நிமிடங்களிலேயே மரணமடையக்கூடும். அதற்கு அந்நாட்டு மருத்துவர்கள் நீண்டகாலம் பரிந்துரைத்தது ஸ்பிரிட் எனப்படும் மதுசாரத்தையே. 1980ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இழைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பரிசோதித்தபோது, மதுசாரம் நச்சுப் பைகளைப் பெருமளவில் வெடிக்கச் செய்வதும், வீட்டுச் சமையலறையில் இருக்கும் வினாகிரி அவற்றைச் செயலிழக்கச் செய்வதும் தெரியவந்தன. அதேபோன்று, பாம்புக்கடிக்குக் கட்டுவது போல் இறுக்கிக் கட்டுப்போடும் முறையும் ஒரு காலத்தில் சிபாரிசு செய்யப்பட்டு, அழுத்தம் மேலும் நஞ்சை வெளியேற்றும் எனக் கண்டறியப்பட்டதும் கைவிடப்பட்டது.

ஆனால் வினாகிரி சர்வரோக நிவாரணி அன்று. காற்றின் போக்கில் மிதந்துவரும் நீலப்பைச் சொறிக்கு அதனை ஊற்ற வேண்டாம் என்கின்றது அவுஸ்திரேலிய வழிகாட்டல். ஹவாயில் 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வோ அதற்கும் வினாகிரி பயனளிக்கும் என வாதிடுகின்றது. (விலங்கியலாளர் கணக்கில் நீலப்பை உண்மையில் ஜெலி மீனே அல்ல, பல உயிரிகள் ஒன்றிணைந்த ஒரு குடியிருப்பு என்பது வேறு விடயம்.) வேறு சில இனங்களின் பைகளை வினாகிரியே வெடிக்கச் செய்வதும் அறியப்பட்டுள்ளது. ஏற்கெனவே வெடித்த பைகளிலிருந்து அது மேலும் நஞ்சைப் பிழிந்தெடுக்கின்றது என 2014ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வுகூடமொன்றின் முடிவு வெளியான போதிலும், பெட்டிச் சொறிக்கு வினாகிரி என்ற பரிந்துரையை அந்நாடு மாற்றவில்லை.

வேதனையைத் தணிப்பதில் நிலைமை சற்றுத் தெளிவானது. நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் நீலப்பை தீண்டிய 96 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு 45 பாகை செல்சியஸ் சுடுநீரும் மற்றையோருக்குப் பனிக்கட்டிப் பொதியும் வழங்கிச் செய்யப்பட்ட பரிசோதனையின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியானது. 20 நிமிடங்களின் பின்னர் வலி குறைந்ததாகக் கூறியவர்கள் சுடுநீர்க் குழுவில் 87 வீதம். பனிக்கட்டிக் குழுவில் 33 வீதம் மாத்திரமே. எனினும் உலகளாவிய ரீதியில் மனிதரிடத்தே நடத்தப்பட்ட இத்தகைய முறையான பரிசோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இதுவே. தீண்டப்பட்டவரை உடனடியாக நீரிலிருந்து வெளியேற்றி, ஓடவோ தேய்க்கவோ விடாது அமர்த்த வேண்டும். நீலப்பை தெளிவாகக் கண்ணிற்பட்டிருப்பின், இழைகளைச் சாவணத்தினால் எடுத்து, கடல்நீரால் அலசி, தாங்கக்கூடிய சூட்டில் சுடுநீரில் 20 நிமிடங்கள் அமிழ்த்தி வைத்தல் வேண்டும். சூட்டை உதவுபவர் முதலில் தமது கையிற் பார்த்துக்கொள்ள வேண்டும். வலியில் துடிக்கும் குழந்தை தோல் வெந்துபோவதை உணராது. தீண்டியது எதுவெனத் தெரியாவிடின், அல்லது தோலில் சவுக்கடி போன்ற நீண்ட தழும்புகள் காணப்படின், இழைகளை எடுப்பதற்கு முன்னரே குறைந்தது 30 விநாடிகள் வினாகிரியைத் தாராளமாக ஊற்றுவதே உசிதம் என்பது எமது நிலைப்பாடு. பெட்டிச் சொறி இனங்கள் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் வாழ்கின்றன. வலி சற்றுக் கூடுவதையும் உயிர் போவதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கண்ணில் பட்டிருப்பின் வினாகிரி கூடாது. நீரால் நன்கு கழுவி வைத்தியரை நாடவேண்டும்.

மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி, தொடர் வாந்தி என்பன தோன்றினாலோ, முகத்தில் அல்லது உடலின் பெரும்பகுதியில் தீண்டியிருந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கத் தாமதிக்கலாகாது. மூச்சு நின்றுவிடின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியே முதன்மையானது. வினாகிரியைத் தேடி ஓடுவதன்று. ஆரம்பத்தில் அற்பமாகத் தோன்றும் தீண்டலையும் சிறிது நேரம் அவதானிக்க வேண்டும். குயின்ஸ்லாந்தின் ஜாக் பார்ன்ஸ் என்னும் வைத்தியர் 1961ஆம் ஆண்டில் விரல்நகமளவான சிறு சொறியொன்றைத் தம்மீதும், தமது ஒன்பது வயது மகன் மீதும், உயிர்காப்பாளர் ஒருவர் மீதும் தீண்டவிட்டுப் பரிசோதித்தார். இன்று எந்த ஒழுக்கவியற் குழுவும் அதனை அனுமதிக்காது. முதலில் இலேசாகவே இருந்த அத்தீண்டல் சிறிது நேரத்தில் மூவரையும் வைத்தியசாலையில் சேர்ப்பித்தது.

உல்லாசப் பயணிக்கு இது விடுமுறை நாளொன்றின் தொல்லை. முல்லைத்தீவு முதல் கல்முனை வரை கரைவலை இழுக்கும் தமிழ், முஸ்லிம் தொழிலாளர்களுக்கோ இது தொழிலுடன் ஒட்டிய துன்பம். மடியைப் பிரிக்கும் கைகளிலும், தெறிக்கும் இழைத்துண்டுகளால் கண்களிலும் அவர்கள் தீண்டப்படுகின்றனர். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாட் கூலியும் போய்விடும் என்பதால் வைத்தியசாலைப் பக்கம் பலர் செல்வதில்லை. தாய்லாந்தில் மரணங்கள் நிகழ்ந்த பின்னர் கடற்கரைகளில் வினாகிரிப் போத்தல்களுடன் கம்பங்கள் நாட்டப்பட்டன. அச்சாறு போடும் அதே சாதாரண வினாகிரி, 4 முதல் 6 வீத அசெற்றிக் அமிலம் கொண்டது, இதற்குப் போதுமானது. பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்பை போன்ற கரைகளில் உள்ளூராட்சி மன்றங்களும், ஒவ்வொரு கரைவலை வாடியிலும் சம்மாட்டிமாரும் மீனவர் சங்கங்களும் இரண்டு போத்தல் வினாகிரி, ஒரு சாவணம், ஒரு சுடுநீர்க் குடுவை ஆகியவற்றை வைப்பதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எமது கடலில் வலைப்படும் இனங்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்துக் கூறும் பொறுப்பைக் கிழக்கிலும் வடக்கிலுமுள்ள பல்கலைக்கழகங்களின் விலங்கியல், மீன்பிடியியற் துறைகள் ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய மாதிரிகள் நாள்தோறும் கரைவலை மடியிலேயே வந்து சேர்கின்றன.