வல்லூறுக்கு எழுதிவைத்த பாறை

எங்கள் எம்.ரெட்டியபட்டியைச் சுற்றி மலை கிடையாது. வயல், கண்மாய், சீமைக்கருவேல், அவ்வளவுதான். கண்மாயில் தண்ணீர் நின்றால் கொக்கும் நீர்க்காகமும் வரும். பாறையில் குடியிருக்கிற வேட்டைப் பறவைகளைப் பார்க்கணும்னா அருப்புக்கோட்டை, மதுரை, மேலூர்னு பஸ் மாறி அரிட்டாபட்டிக்குத்தான் போகணும்.

அங்கே ஷாஹீன் வல்லூறு, லகுடு வல்லூறு, ராசாளிக் கழுகு என்று மூன்றும் உண்டு. ராசாளி குச்சிகளை அடுக்கி, வருஷா வருஷம் அதே கூட்டைப் பெரிதாக்கும். ஷாஹீன் கூடே கட்டாது. வெறும் பாறை விளிம்பில் முட்டையிடும். மனுஷன் கை எட்டாத உயரம், மழைக்கு ஒரு மறைப்பு, வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்று. இவ்வளவு போதும். சாக்கடலை ஒட்டிய யூதேயப் பாலைவனத்தின் செங்குத்துப் பாறைகளிலும் இதே ராசாளி இனம் கூடு வைக்கிறது.

மழைக்கு மறைப்புத் தேடியது பறவை மட்டுமில்லை. இதே மலையில் சமணத் துறவிகளும் தங்கினார்கள். குகைக்குள் தண்ணீர் வழியாமலிருக்க நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கிறது. கூடவே தமிழி எழுத்தில் கல்வெட்டு: நெல்வேலிக்காரர் ஒருவர் குகையைச் செய்து கொடுத்த செய்தி. ஈராயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. பிறகு பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அதில் லகுலீசர் சிற்பம். (லகுடம் என்றால் தண்டம். லகுடு வல்லூறோடு முடிச்சுப்போட நான் வரவில்லை!)

இந்தக் கல்வெட்டுதான் பறவையைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக எத்தனையோ குன்றுகள் அறுபட்டன. அரிட்டாபட்டி தப்பியதற்குக் காரணம், ஊர்க்காரர்கள் அதைச் சாமி மலையாக, பெயர் எழுதிய மலையாகப் பார்த்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைத் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுமார் 250 வகைப் பறவைகளும் கல்வெட்டுகளும் அந்த அறிவிப்பில் சேர்ந்தே இடம்பெற்றன.

இரண்டே வருஷம். 2024 நவம்பரில் அந்த இடத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராமங்கள் கொதித்தன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சரி, பாறை பிழைத்தது. லகுடு? அது தூங்குவதற்குத்தான் பாறையோ பெரிய மரமோ வேண்டும். சாப்பாடு வெளியே, திறந்த வறண்ட நிலத்தில்: ஓணான், எலி, சின்னப் பறவைகள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த மாதிரி நிலத்துக்குப் பெயர் தரிசு, புறம்போக்கு. உலக அளவில் இந்த இனம் குறைந்துகொண்டே வருவதற்கு அந்த வெளி சுருங்குவதும் பூச்சிமருந்தும் முக்கியக் காரணங்கள். திருச்சுழிப் பக்கத்துத் தரிசில் எந்தச் செழியனும் கல்வெட்டு வைக்கவில்லை. ஓணான் மட்டும் இன்னும் இருக்கு.