தோட்டக்கலை கல்லூரிப் படியேறிய வரலாறு



விழா மலருக்குப் பங்குத்தந்தையும் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று குழுவினர் வற்புறுத்தியபோது, சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இல்லத்துக்கு வந்த ஒரு தகப்பனாரின் முகம் என் நினைவுக்கு வந்தது. "சாமி, மகன் தோட்டக்கலை படிக்கப் போறானாம். செடிக்குத் தண்ணி ஊத்த ரெண்டு வருஷம் படிப்பா? நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றார் அவர். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பின்னர் தேடிப் படித்தபோதுதான், இதே கேள்வி அமெரிக்க நாட்டில் படித்த மேதைகளிடையே எழுந்ததென்று அறிந்தேன்.

அந்நாட்டுக் கல்லூரிகள் ஒரு காலத்தில் கிரேக்கமும் லத்தீனும் சட்டமும் இறையியலும் கற்பித்தன. வசதி படைத்தோரின் பிள்ளைகளே அங்கு பயின்றனர். 1862-ஆம் ஆண்டு ஜஸ்டின் மாரில் என்பவர் கொண்டுவந்த சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதன்படி மாநிலங்களுக்கு அரசு நிலம் வழங்கப்பட்டது. அதை விற்று வந்த பணத்தைக் கொண்டு வேளாண்மையும் தொழிற்கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. ஆனால் அந்த நிலம் யாருடையது? ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. நல்ல கல்லூரிகள்தாம், ஆயினும் இதைச் சொல்லாமல் அவற்றின் வரலாற்றை எழுத என் மனம் ஒப்பவில்லை.

லிபர்ட்டி ஹைட் பெய்லி என்பவர் 1858-இல் மிச்சிகன் மாநிலத்தில் பழத்தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியில் பயின்று, ஹார்வர்டில் ஆசா கிரே என்னும் புகழ்பெற்ற தாவரவியல் அறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1885-இல் பழைய கல்லூரி அவரைத் தோட்டக்கலைப் பேராசிரியராக வரும்படி அழைத்தது. தாவரவியல் என்றால் அறிவியல், தோட்டக்கலை என்றால் தோட்டக்காரன் வேலை என்று எண்ணிய காலம் அது. நண்பர்கள் தடுத்தனர், இத்தோடு உன் பெயர் மறைந்துபோகும் என்று அஞ்சினர். பெய்லி போயே விட்டார். 1888-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தோட்டக்கலையை ஓர் அறிவியலாக நிலைநாட்டினார். 1954-இல் மறைந்தபோது அவருக்கு வயது 96.

பல்கலைக்கழகமோ எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் இல்லை. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரின் உயர்நிலைப் பள்ளியிலேயே, ஆறே மாணவருடன் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கப்பட்டது. முதலில் அங்கே கற்பித்தவை பல்கலைக்கழகத்தின் தொடக்கப் பாடங்களே. தோட்டக்கலை பின்னாளில் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, ஊர்தோறும் சமுதாயக் கல்லூரிகள் வேண்டும் என்றது. 1960-களில் மட்டும் நானூறுக்கு மேற்பட்டவை எழுந்தன. புறநகர்களில் புல்வெளிகளும் பூங்காக்களும் நாற்றுப் பண்ணைகளும் பெருகவே, செடி வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலையும் பெருகிற்று.

அங்கே என்னதான் படிக்கிறார்கள்? பகலில் வேலை செய்துவிட்டு மாலை வகுப்புக்கு வருபவர்கள் உண்டு. பேரப்பிள்ளை எடுத்த பாட்டிமாரும் உண்டு. கண்ணாடிக் குடில்தான் வகுப்பறை. மண்ணின் புளிப்பை அளப்பது, பூச்சியையும் நோயையும் இனம் காண்பது, கவாத்துச் செய்வது எல்லாம் பாடம். செடிகளின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் பலருக்கும் கண்டம்! குருமடத்தில் நான் தடுமாறிய லத்தீன் அங்கே தோட்டக்காரருக்குச் சோறு போடுகிறது. நம் இஞ்சியின் பெயர் 'சிஞ்சிபர் ஒஃபிசினாலே'. அதன் பின்பாதி, பழைய துறவு மடங்களில் மருந்துச் சரக்கு வைத்திருந்த அறையின் பெயரிலிருந்து வந்தது.

ஒட்டுக் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குக் கீழே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. வேர்ச்செடியின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் ஒன்றையொன்று தொட்டால்தான் இரண்டும் கூடி வளரும். மாவோடு மா சேரும், பலாவோடு சேராது. நம் ஊர்ப் பெரியவர்கள் கைப்பழக்கத்தால் இதை அறிவார்கள். அது எதனால் என்பதைத்தான் அந்த வகுப்பு சொல்லித் தருகிறது.

நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் அவற்றைத் தொடங்கின.

அந்தத் தகப்பனாரிடம் பெய்லியின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் அமெரிக்காவுல இருந்தாரு சாமி" என்றார். இருந்தும் மகனைச் சேர்த்துவிட்டார். கெபிக்குப் பின்புறம் பல வருடங்களாகக் காய்க்காமல் நின்ற எலுமிச்சையைச் சென்ற தவக்காலத்தில் கவாத்துச் செய்தது அந்தப் பையன்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவனுடைய தகப்பனார்.