உறைமுறைப் பாதீடு

உறைமுறைப் பாதீடு என்பது வீட்டு வருமானம் கைக்கு வந்தவுடன் அதைச் செலவு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உரிய பணத்தைத் தனித்தனி உறையில் இட்டு, அந்தந்த உறையிலிருந்து மட்டுமே அந்தந்தச் செலவைச் செய்யும் முறை ஆகும். உறைமுறை வரவு செலவுத் திட்டம் எனவும் இதனைக் கூறலாம். கணக்கேடு செய்து முடித்த செலவைக் காட்டுகிறது. உறையோ இனிச் செய்யக்கூடிய செலவைக் காட்டுகிறது. எழுத்தும் கணக்கும் அதிகம் தேவைப்படாததால், நாட்கூலி, வாரக்கூலி பெறும் குடும்பங்களும் இம்முறையை எளிதில் கையாளலாம்.

தமிழ்ச் சூழலில் ஒதுக்கீடு

பணத்தை நோக்கத்துக்கு ஏற்பப் பிரித்து வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைப்பது பரவலாக அறியப்பட்ட வழக்கமாகும். நேர்த்திக்கடனுக்கான காசை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் குடும்பங்கள், எத்தகைய தட்டுப்பாட்டிலும் அதைத் தொடத் தயங்குகின்றன. பெயரிட்டு ஒதுக்கிய பணம் செலவாகாமல் நிற்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோயில் நிருவாகத்திலும் இதே கருத்து காணப்படுகிறது. கோயிலுக்கென விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் தேவதானம் எனக் குறிக்கின்றன. விருதுநகர் மாவட்டம், இராசபாளையம் வட்டத்தில் இப்பெயரிலேயே ஓர் ஊர் உள்ளது. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கை எரிக்க 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. அவற்றிலிருந்து கிடைக்கும் நெய் அந்த விளக்குக்கே உரியது. வரவைவிடச் செலவு விரியாமல் காப்பதன் தேவையைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் (குறள் 478) பேசுகிறது.

செய்முறை

1. ஓராண்டில் வரும் எல்லாச் செலவுகளும் பட்டியலிடப்படுகின்றன. பண்டிகை, பள்ளித் திறப்பு, இரு மாதங்களுக்கு ஒரு முறை வரும் மின்கட்டணம் போன்றவையும் இதில் அடங்கும்.
2. ஒவ்வொரு செலவும் வருமானம் வரும் கால இடைவெளிக்கு ஏற்ப வகுக்கப்படுகிறது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மாதச் சம்பளம், வாரக்கூலி, அறுவடை வருமானம் என இவ்விடைவெளி குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.
3. பணம் வந்த அன்றே உறைகள் நிரப்பப்படுகின்றன.
4. ஓர் உறை காலியானால் அச்செலவு நிறுத்தப்படுகிறது. அல்லது வேறோர் உறையிலிருந்து எடுத்து, எடுத்த தொகை அவ்வுறையின் மேல் குறிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு

வாரம் 3,500 ரூபாய் வருமானம் உள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தின் உறைகள் பின்வருமாறு அமையலாம்:

- அரிசி, மளிகை: 1,200
- காய்கறி, பால்: 600
- வீட்டு வாடகை: 650
- சீட்டு அல்லது கடன் தவணை: 300
- எரிவாயு, மின்கட்டணம்: 250
- பள்ளிச் செலவு: 200
- மருத்துவம்: 150
- பண்டிகை: 150

இங்கு மாத வாடகை 2,600 ரூபாய். அது நான்கால் வகுக்கப்பட்டுள்ளது. ஆண்டில் 52 வாரங்கள் இருப்பதால், பன்னிரண்டு மாத வாடகை 48 வாரங்களில் சேர்ந்துவிடும். எஞ்சிய 4 வாரங்களின் பணம் ஒரு மாத வாடகைக்குச் சமமான காப்புத் தொகையாக நிற்கும்.

பண்டிகை உறையில் 50 வாரங்களில் 7,500 ரூபாய் சேரும். இதே தொகையைத் தீபாவளிக்கு முன் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் கடன் வாங்கினால், மாதம் 375 ரூபாய் வட்டிக்கே போகும்; ஆண்டு வட்டி 60 விழுக்காடு ஆகும். அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், முன்கூட்டியே தெரிந்த செலவுக்குக் கடன் வாங்கும் தேவையைக் குறைப்பதே இம்முறையின் முதன்மையான பயன்.

ஆய்வுகள்

ஒருவர் தம் பணத்தை மனத்தளவில் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துப் பார்ப்பதைப் பொருளியலாளர் ரிச்சர்டு தேலர் மனக்கணக்கு என்னும் கருத்தாக விளக்கினார். நடத்தைசார் பொருளியலுக்கான பங்களிப்புக்காக 2017 இல் இவருக்குப் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

திலீப் சோமன், அமர் சீமா ஆகியோர் இந்தியாவில் குறைந்த வருமானம் பெறும் தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை 2011 இல் வெளியிட்டனர். சேமிப்புப் பணம் ஒட்டிய உறைகளில் வைக்கப்பட்டது. ஒரே உறையில் வைத்தவர்களைவிட, இரண்டு உறைகளில் பிரித்து வைத்தவர்கள் அதிகம் சேமித்தனர். உறையின் மேல் தம் குழந்தைகளின் படத்தைக் கண்டவர்களின் சேமிப்பும் கூடுதலாக இருந்தது. ஒவ்வோர் உறையைப் பிரிக்கும்போதும் செலவு செய்வதா வேண்டாமா என்று புதிதாக முடிவெடுக்க வேண்டியிருப்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

குறைகள்

- வீட்டில் உள்ள பணத்துக்கு வட்டி இல்லை. களவு, தீ, கறையான் ஆகியவற்றால் இழப்பு நேரலாம்.
- 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, பெண்கள் வீட்டில் சேர்த்து வைத்திருந்த பணம் வெளியே வர நேர்ந்தது. இல்லத்தரசிகள் முதலியோர் வங்கியில் செலுத்தும் 2.5 இலட்சம் ரூபாய் வரையான தொகை குறித்து வருமான வரித் துறை விசாரிக்காது என்று அப்போது அரசு அறிவித்தது. ஆனால் வீட்டாருக்குத் தெரியாமல் இருந்த சேமிப்பின் மறைவு அத்துடன் நீங்கியது.
- கைப்பேசி வழிப் பணம் செலுத்தும்போது எல்லாச் செலவும் ஒரே கணக்கிலிருந்து போவதால் உறைகளின் எல்லை மறைந்துவிடுகிறது. வாடகைக்கும் சேமிப்புக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பதும், அஞ்சலகத் தொடர் வைப்பில் இடுவதும் இதற்கு மாற்றாக அமையும்.
- அடிப்படைத் தேவைகளுக்கே வருமானம் போதாத குடும்பத்தில் உறைகள் பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை. எந்தச் செலவில், எவ்வளவு குறைகிறது என்பதை மட்டுமே அவை முன்கூட்டிக் காட்டும்.

இவற்றையும் பார்க்க

- சிறுசேமிப்பு
- சீட்டு
- தன்னுதவிக் குழு